மதுரையில் திருக்குறள் கிடைக்காத ஒரு நாள்... இன்று ஆராய்ச்சி நூலகங்களில் என்ன கிடைக்கிறது?

1901-ம் ஆண்டு. பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் மதுரைக்கு வந்திருந்தார். கூட்டத்தில் பேச வேண்டும். அதற்கு முன் ஒருமுறை புரட்டிக்கொள்ள ஒரு திருக்குறளும் ஒரு கம்பராமாயணமும் வேண்டும் என்று கேட்டாராம். ஆட்கள் நாலு திசையும் ஓடியும் ஊரில் கிடைக்கவில்லை என்று சொல்வார்கள். சங்கம் வைத்துத் தமிழ் வளர்த்த ஊர் என்று மார்தட்டும் மதுரையில் ஒரு குறள் புத்தகம் இல்லையா என்ற ரோஷம் அவரைச் சும்மா விடவில்லை. அந்த ஆண்டு செப்டம்பர் 14 அன்று நான்காம் தமிழ்ச் சங்கம் பிறந்தது. கூடவே 'பாண்டியன் புத்தகசாலை' என்ற நூலகமும், அடுத்து 'செந்தமிழ்' இதழும் வந்தன.

இன்று பெரியார் பஸ் ஸ்டாண்டில் பஸ்ஸுக்கு நின்றபடியே 1,330 குறளையும் கைபேசியில் திறந்துவிடலாம். இதற்கு வழிபோட்டவர்களில் முக்கியமானவர்கள் 'மதுரைத் திட்டம்' நடத்துகிறவர்கள். ஆங்கிலத்தில் 'பிராஜெக்ட் மதுரை'. 1998 பொங்கல் அன்று தொடங்கியது. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் பணியாற்றிய வேதியியலாளர் கு.கல்யாணசுந்தரமும், அமெரிக்காவில் இருந்த குமார் மல்லிகார்ஜுனனும் முன்னின்று தொடங்க, பல நாடுகளில் இருந்த தமிழர்கள் சம்பளம் வாங்காமல், வேலை முடிந்த பிறகு வீட்டில் உட்கார்ந்து பழைய நூல்களைத் தட்டச்சு செய்து ஏற்றினார்கள். பழைய சங்கங்களின் நினைவாகத்தான் மதுரையின் பெயர். அவர்கள் பட்டியலில் முதல் எண் எந்த நூலுக்குத் தெரியுமா? திருக்குறளுக்கு. தேவர் கேட்ட அதே புத்தகம்!

அப்படியென்றால் இனி நூலகம் எதற்கு என்று வீட்டுப் பிள்ளைகள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

பொது நூலகத்தைப் பொறுத்தவரை பதில் சுலபம். புது நத்தம் சாலையில் 2023 ஜூலை 15 அன்று திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாருங்கள். குழந்தைகள் பிரிவில் ஒரு கூட்டம், போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் ஒரு கூட்டம். வீட்டில் படிக்க இடமில்லாத பிள்ளைக்கு ஏசி போட்ட அமைதியான மேசையே பெரிய உதவி. ஆனால் பல்கலைக்கழக, கல்லூரி ஆராய்ச்சி நூலகங்களின் கதை வேறு. அங்கே நடக்கும் மாற்றம் வெளியில் இருப்பவர்களுக்குத் தெரிவதே இல்லை.

ஒரு கட்டுரை மூவாயிரம் ரூபாய்

மதுரை காமராசர் பல்கலைக்கழகம் 1966-ல் தொடங்கியது. தேனி சாலையில், நாகமலை புதுக்கோட்டையைத் தாண்டி, மலையடிவாரத்தில் இருக்கிறது. முதல் துணைவேந்தர் தமிழறிஞர் தெ.பொ.மீனாட்சிசுந்தரனார். நூலகமும் அவர் பெயரில்தான். அந்தக் காலத்தில் ஆராய்ச்சி மாணவர் என்றால் நூலகத்தில் அட்டைப் பெட்டிகளை இழுத்துப் பெயர் தேடுபவர், தடித்த அட்டை போட்ட பழைய ஆய்விதழ்த் தொகுதிகளைச் சுமந்து வந்து குறிப்பெடுப்பவர். வெளிநாட்டு இதழ் கப்பலில் வந்து சேர மாதங்கள் ஆகும். இங்கே இல்லாததைப் படிக்க சென்னைக்கோ பெங்களூருக்கோ பஸ் ஏற வேண்டும்.

இதழ்கள் கணினிக்கு வந்ததும் தொல்லை தீர்ந்தது என்று நினைத்தால், புதுத் தொல்லை பிறந்தது. அறிவியல் இதழ்களை வெளியிடும் பெரிய வெளிநாட்டு நிறுவனங்கள் ஆண்டுதோறும் சந்தாவை ஏற்றிக்கொண்டே போயின. சந்தா கட்டாதவர் ஒரே ஒரு கட்டுரையைத் தனியாக வாங்க வேண்டுமென்றால் முப்பது, நாற்பது டாலர். நம் பணத்தில் சுமார் மூவாயிரம் ரூபாய். ஆய்வேடு எழுத இருநூறு கட்டுரையாவது புரட்ட வேண்டும். உசிலம்பட்டியிலிருந்தும் மேலூரிலிருந்தும் வந்து, உதவித்தொகையை நம்பிப் படிக்கும் பிள்ளை என்ன செய்யும்? பல்கலைக்கழகமோ சம்பளம் போடவே திணறுவதாகச் செய்திகளில் அடிபட்டது. அது சந்தாவுக்கு எங்கே போகும்?

இந்த இடத்தில்தான் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் வந்தது. 2024 நவம்பர் 25 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. 2025, 2026, 2027 ஆகிய 3 ஆண்டுகளுக்கு ரூ.6,000 கோடி. 30 பதிப்பு நிறுவனங்கள், ஏறக்குறைய 13,000 ஆய்விதழ்கள், 6,300-க்கும் மேற்பட்ட அரசுக் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்கள். குஜராத்தின் காந்திநகரில் உள்ள 'இன்ஃப்ளிப்நெட்' மையம் இதை ஒருங்கிணைக்கிறது. ஒவ்வொரு நூலகமும் தனித்தனியாகப் பேரம் பேசிய காலம் போய், நாடு முழுவதற்கும் ஒரே பேரம். டெல்லியில் பெரிய ஆராய்ச்சி நிறுவனத்தில் இருப்பவர் படிக்கும் அதே இதழை ஓர் அரசு கலைக் கல்லூரி மாணவியும் படிக்கலாம். இது சின்ன விஷயம் அல்ல.

ஆனால் ஒரு முள் இருக்கிறது. முதல் கட்டத்தில் இது அரசு நடத்தும் நிறுவனங்களுக்குத்தான். தனியார் நிர்வாகக் கல்லூரிகள் வெளியே நிற்கின்றன. நம் பக்கத்தில் எத்தனை பிள்ளைகள் அப்படிப்பட்ட கல்லூரிகளில் படிக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். ஒரே தெருவில் இரண்டு வீட்டுப் பிள்ளைகள். ஒருத்திக்கு 13,000 இதழ் திறக்கிறது, இன்னொருத்திக்குப் பணம் கட்டச் சொல்லும் பக்கம்தான் வருகிறது. மூன்று ஆண்டு முடிந்த பிறகு என்ன என்பதும் கேட்க வேண்டிய கேள்விதான். அச்சு இதழ் வாங்கினால் சந்தா நின்ற பிறகும் பழைய இதழ் அலமாரியில் இருக்கும். மின்னிதழ் அப்படி அல்ல. வாடகை வீடு மாதிரி. ஒப்பந்தத்தில் தனியாக எழுதி வாங்கியிருந்தால் ஒழிய, வாடகை நின்றால் சாவியைத் தர வேண்டியதுதான்.

அத்தையின் ஆய்வேட்டைத் தேடலாம்

எல்லோருக்கும் இலவசமாகத் திறந்திருப்பது ஒன்று உண்டு. 'ஷோத்கங்கா'. இந்திய ஆய்வேடுகளின் மின் களஞ்சியம். ஆய்வேட்டின் மின்பிரதியைப் பல்கலைக்கழகங்கள் பொதுவில் வைக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2009-ல் விதி கொண்டுவந்தது. இப்போது 5 லட்சத்துக்கும் அதிகமான ஆய்வேடுகள் அதில் இருக்கின்றன. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் ஆய்வேடுகள் மட்டுமே ஆயிரக்கணக்கில் உண்டு.

முன்பெல்லாம் ஆய்வேடு என்றால் நான்கைந்து பிரதி. ஒன்று நூலகத்துக்கு, ஒன்று துறைக்கு, ஒன்று வழிகாட்டிக்கு. அதோடு அது அலமாரியில் தூங்கிவிடும். எழுதியவரின் சொந்தப் பிள்ளைகள்கூடப் படித்திருக்க மாட்டார்கள். இப்போது உங்கள் அத்தையோ சித்தப்பாவோ முனைவர் பட்டம் வாங்கியிருந்தால், கைபேசியிலேயே தேடிப் பாருங்கள். ஒவ்வொரு இயலும் தனித்தனிக் கோப்பாக இருக்கும். தமிழ்த் தலைப்புகளை ஆங்கில எழுத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதி ஏற்றியிருப்பதால், ஒருமுறை கிடைக்கவில்லை என்றால் எழுத்தை மாற்றி மாற்றித் தேட வேண்டும். பழைய ஆய்வேடுகள் பலவும் தாளைப் படம் பிடித்த வடிவில்தான் இருக்கின்றன. உள்ளே ஒரு சொல்லைத் தேட முடியாது. வைகைப் பாசனக் கண்மாய்கள், அழகர்கோயில் திருவிழா, செட்டிநாட்டுச் சமையல் என்று நம் ஊரைப் பற்றி யாரோ ஐந்து வருடம் அலைந்து எழுதியது, நாம் தேடும் எழுத்துக்கூட்டலில் இல்லாததாலேயே கண்ணில் படாமல் போகிறது.

நூலகர் வேலையும் இதோடு மாறிவிட்டது. புத்தகத்தை எடுத்துக் கொடுத்து முத்திரை குத்துவது இப்போது அவர் வேலையில் சிறு பகுதி. எழுதிய ஆய்வேட்டில் அடுத்தவர் வரிகள் எவ்வளவு என்று மென்பொருளில் பார்த்துச் சான்றிதழ் தருவது அவருக்கு வந்து சேர்ந்திருக்கிறது. மானியக் குழுவின் 2018 விதிப்படி 10 சதவிகிதம் வரை ஒத்துப்போனால் தண்டனை இல்லை. 40 சதவிகிதம் வரை திருத்திக் கொடுக்க 6 மாதம். 60 சதவிகிதத்தைத் தாண்டினால் பதிவே ரத்து. இதில் ஒரு வேடிக்கை உண்டு. மென்பொருள் தன்னிடம் இருப்பதோடு மட்டும்தான் ஒப்பிடும். இணையத்துக்கே வராத தமிழ்ப் புத்தகத்திலிருந்து பக்கம் பக்கமாக எடுத்தால் அதற்கு எப்படித் தெரியும்? அதைக் கண்டுபிடிக்க அந்தப் புத்தகத்தைப் படித்த மனிதர்தான் வேண்டும்.

காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சடிக்கும் போலி ஆய்விதழ்கள் இன்னொரு தலைவலி. நம்பகமான இதழ்கள் எவை என்று மானியக் குழு வைத்திருந்த 'கேர்' பட்டியலை 2025 பிப்ரவரியில் கைவிட்டுவிட்டார்கள். எது நல்ல இதழ், எது கடை என்று பிரித்துச் சொல்லும் பொறுப்பு இப்போது கல்லூரிகள் தலையில். நடைமுறையில் மாணவர் போய் நிற்பது நூலகரிடம்தான்.

கோட்டையூர் வீட்டில் ஒரு பொக்கிஷம்

சரி, எல்லோருக்கும் கிடைக்கும் இதழ் எல்லோருக்கும் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்போது ஒரு நூலகத்துக்கும் இன்னொரு நூலகத்துக்கும் என்ன வித்தியாசம்? உலகம் முழுக்க ஆராய்ச்சி நூலகங்கள் தங்களைத் தாங்களே கேட்டுக்கொள்ளும் கேள்வி இது. 'வேறு யாரிடமும் இல்லாத எது நம்மிடம் இருக்கிறது?' என்ற பக்கமாகத்தான் பல நூலகங்கள் திரும்பிக்கொண்டிருக்கின்றன. இந்தக் கேள்விக்கு நம் சீமையில் ஒருவர் எப்போதோ பதில் சொல்லிவிட்டார். பெரிய படிப்பு படித்தவர் அல்ல. பெயர்ப்பலகை எழுதும் ஓவியர்.

மதுரையிலிருந்து காரைக்குடிப் பக்கம் போனால் கோட்டையூர். ரோஜா முத்தையா செட்டியாரின் ஊர். சென்னையில் பெயர்ப்பலகை எழுதிக்கொண்டிருந்தவருக்குப் பழைய புத்தகம் சேர்க்கும் பித்து பிடித்தது. 1950-களிலிருந்து சேர்த்தார். சொந்த ஊருக்குத் திரும்பிய பிறகும் விடவில்லை. இலக்கண இலக்கிய நூல்களோடு நின்றிருந்தால் அவர் இன்னொரு புத்தகப் பிரியர். ஆனால் அவர் கல்யாணப் பத்திரிகையைச் சேர்த்தார். நாடக நோட்டீஸைச் சேர்த்தார். சினிமாப் பாட்டுப் புத்தகம், வைத்தியச் சுவடி, சமையல் குறிப்பு, திருவிழாச் சந்தையில் விற்கும் குஜிலிப் பதிப்புகள், கடிதங்கள் என்று படித்த மனிதர்கள் குப்பை என்று ஒதுக்கியதை எல்லாம் சேர்த்தார். ஆராய்ச்சியாளர்கள் கோட்டையூருக்கே தேடிப் போனார்கள்.

1992-ல் அவர் மறைந்தார். சுமார் 1 லட்சம் உருப்படிகள். குடும்பத்தார் எத்தனை நாள் காப்பாற்ற முடியும்? பிரித்து விற்றிருந்தால் அதோடு கதை முடிந்திருக்கும். அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகம் 1994-ல் மொத்தத்தையும் வாங்கியது. வழக்கமாக இப்படி வாங்கினால் என்ன ஆகும்? பெட்டி கட்டிக் கப்பலில் ஏற்றுவார்கள். அதன் பிறகு நம் பிள்ளைகள் விசா வாங்கிப் போய்த்தான் தமிழ் நோட்டீஸைப் படிக்க வேண்டும். இந்த முறை அப்படி நடக்கவில்லை. தொகுப்பு தமிழ்நாட்டிலேயே இருக்கட்டும், இங்கேயே பட்டியல் போடட்டும், மைக்ரோஃபிலிம் எடுக்கட்டும் என்று முடிவானது. அப்படிப் பிறந்ததுதான் சென்னையில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். முகப்பேரில் தொடங்கி, பின்னர் தரமணிக்கு மாறியது. தமிழ் பற்றி ஆராய்ச்சி செய்யும் வெளிநாட்டவர் இன்று அங்கே வராமல் போவது அபூர்வம். (கோட்டையூரில் இருந்தது சென்னைக்குப் போனதில் தென்மாவட்டத்துக்காரனான எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல் உண்டு. சிகாகோவுக்குப் போகாமல் இருந்ததே என்று தேற்றிக்கொள்கிறேன்.)

நோட்டீஸில் அப்படி என்ன இருக்கிறது என்கிறீர்களா? மதுரை, நாடகத்தின் தாய்வீடு. சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ல் 'தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா'வைத் தொடங்கியது இங்கேதான். திருவிழாக் காலத்தில் விடிய விடிய நடக்கும் ஸ்பெஷல் நாடகக் கலைஞர்களுக்கு இன்றும் மதுரை ஒரு முக்கிய ஊர். அந்தக் கலைஞர்களைப் பற்றி அமெரிக்க மானிடவியலாளர் சூசன் சைசர் 2005-ல் ஒரு நூல் வெளியிட்டார். அதில் பழைய நாடக நோட்டீஸ்களையே சாட்சியாக வைத்து, ஆண்டுக்கு ஆண்டு நாடகம் எப்படி மாறியது என்று வாசித்துக் காட்டியிருக்கிறார். யார் பெயர் மேலே, யார் பெயர் கீழே, புகைப்படம் யாருக்கு என்பதெல்லாம் வரலாறு. ஆட்டம் முடிந்ததும் கடலை மடிக்கப் போயிருக்க வேண்டிய காகிதம் அது.

ராமபாணமும் கரையானும்

இப்படிப்பட்ட காகிதத்தைக் காப்பாற்றுவது லேசுப்பட்ட காரியம் அல்ல. ஓலைச்சுவடியைவிடப் பத்தொன்பதாம் நூற்றாண்டுக்குப் பிந்தைய மரக்கூழ்க் காகிதம்தான் சீக்கிரம் சாகும். அதில் இருக்கும் அமிலமே அதை உள்ளிருந்து அரிக்கும். பழுப்பாகி, மடித்த இடத்தில் ஒடிந்து, பிறகு பொடியாக உதிரும். மதுரை வெயில் அதைத் துரிதப்படுத்தும். மிச்சத்தை ராமபாணப் பூச்சியும் கரையானும் பார்த்துக்கொள்ளும்.

அதனால்தான் நூலகங்கள் மின்னுருவாக்கத்தில் இறங்கியிருக்கின்றன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் 2017-லிருந்து இயங்குகிறது. பல நூலகங்களின் பழைய நூல்களும் இதழ்களும் அதில் இலவசமாகக் கிடைக்கின்றன. முதுகு ஒடியாமல் பாதி திறந்த நிலையில் புத்தகத்தைத் தொட்டிலில் கிடத்துவது போல வைத்து, மேலிருந்து பக்கம் பக்கமாகப் படம் எடுக்கிறார்கள். படம் எடுப்பது பாதி வேலைதான். இன்ன நூல், இன்னார் எழுதியது, இன்ன அச்சகம், இன்ன ஆண்டு என்று சரியாகப் பதிவு செய்யாவிட்டால் இருந்தும் இல்லாத கதைதான். ஆண்டை 'பிரமாதீச' என்று தமிழ் வருடத்தில் மட்டும் போட்டிருப்பார்கள். அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும் அந்தப் பெயரில் எந்தச் சுற்று என்று கண்டுபிடிப்பது கணினி வேலை அல்ல.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. நம் நாட்டில் ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமை உண்டு. 1950-களில் எழுதியவர் எப்போது இறந்தார், வாரிசு யார் என்று தெரியாவிட்டால் நூலகம் அதைப் பொதுவில் வைக்கத் தயங்கும். காகிதம் காத்திருக்காது.

ஒரே இடத்தில் ஒரே பிரதி இருப்பதன் ஆபத்தை நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. மதுரை அமெரிக்கன் கல்லூரி நூலகத்தின் பெயர் டேனியல் புவர் நினைவு நூலகம். அந்த டேனியல் புவர் யாழ்ப்பாணத்தில் வட்டுக்கோட்டைச் செமினரியை நடத்திவிட்டு 1830-களில் மதுரைக்கு வந்து பள்ளிகள் திறந்தவர். அவர் விட்டு வந்த யாழ்ப்பாணத்தில் 1981-ல் பொது நூலகத்தை எரித்தார்கள். சுமார் 97,000 நூல்கள். அவற்றில் வேறெங்கும் பிரதி இல்லாதவையும் உண்டு. 2005-ல் ஈழத்து ஆர்வலர்கள் தொடங்கிய 'நூலகம்' என்ற மின்னூலகம் இன்று இலங்கைத் தமிழரின் நூல், பத்திரிகை, மலர், துண்டுப் பிரசுரம் என்று கிடைப்பதையெல்லாம் படம் பிடித்து ஏற்றுகிறது. கோயில் கும்பாபிஷேக மலரையும் விடுவதில்லை. இழந்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

எங்கள் வீட்டிலும் ஒரு சின்ன யாழ்ப்பாணம் நடந்தது. யாரும் எரிக்கவில்லை. தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் பழைய நோட்டீஸ்கள், பாட்டுப் புத்தகங்கள், வரவு செலவு எழுதிய நீளமான பேரேடு எல்லாம் இருந்தன. வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது பெட்டியைக் காலி செய்து பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிட்டோம். பெட்டியை மட்டும் வைத்துக்கொண்டோம். அரிசி கொட்டி வைக்க வசதியாக இருந்தது. அந்தப் பேரேட்டில் நெல் விலையும் கூலியும் வருடவாரியாக இருந்தன என்பது இப்போது உறைக்கிறது.

உங்கள் வீட்டுப் பரணில் அப்படி ஏதாவது இருந்தால், எடைக்குப் போடுவதற்கு முன் ஒரு நாள் பொறுங்கள். நூலகங்கள் எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளாது. பாடநூல், பரவலாக விற்ற நாவல் போன்றவை அவர்களிடம் ஏற்கெனவே இருக்கும். ஊர்த் திருவிழா நோட்டீஸ், உள்ளூர் அச்சகப் பிரசுரம், கணக்குப் பேரேடு, கையெழுத்துக் கடிதம், சங்கக் கூட்டத் தீர்மானப் புத்தகம் ஆகியவைதான் அபூர்வம். பட்டியல் ஒன்று எழுதி, பக்கத்துக் கல்லூரி நூலகரிடமோ ஆராய்ச்சி நூலகத்துக்கோ அனுப்பிக் கேட்கலாம். கொடுக்க மனமில்லையா, பரவாயில்லை. படம் எடுத்துவிட்டுத் திருப்பித் தருவீர்களா என்று கேட்டுப் பாருங்கள். அதுவரை பிளாஸ்டிக் கவரில் கட்டிவைக்க வேண்டாம், உள்ளே ஈரம் தங்கும். செல்லோ டேப்பும் ஒட்டாதீர்கள், அதன் பசையே காகிதத்தைத் தின்றுவிடும். ரப்பர் பேண்டும் கூடாது. பருத்தித் துணியில் சுற்றி, சுவரில் படாமல் வைத்தால் போதும்.

நீங்களே கைபேசியில் படம் எடுப்பதானால், ஜன்னல் பக்கம் வெளிச்சத்தில் தரையில் விரித்து, நேர் மேலே நின்று எடுங்கள். முன்பக்கத்தோடு நிறுத்திவிடாமல் பின்பக்கத்தையும் எடுங்கள். அச்சகத்தின் பெயரும் ஊரும் பெரும்பாலும் கடைசி வரிக்குக் கீழே, கண்ணுக்குத் தெரியாத சின்ன எழுத்தில்தான் இருக்கும்.